மேல் ஏழு – 7: சத்தியலோகத்துக்கும் ஆயுள் உண்டு

பூலோகத்தில் தொடங்கி புவர், சுவர், மகர், ஜன, தபோலோகங்களைத் தாண்டி இந்த வாரம் உச்சிக்கு வந்திருக்கிறோம். நான்முகன் வீற்றிருக்கும் சத்தியலோகம் இது. பிரம்மலோகம் என்று சொல்வதும் இதைத்தான். பதினான்கு உலகங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. அதனாலேயே அங்கே போய்ச் சேர்வதுதான் முடிவான பேறு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சொர்க்கம், மோட்சம், வைகுண்டம், கைலாசம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘மேலே’ வைத்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இரங்கல் சுவரொட்டிகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. சத்தியலோகத்தை உச்சியில் வைத்தவர்களே அதற்கு ஒரு கெடுவையும் வைத்தார்கள். மறதியாலோ முரணாலோ நேர்ந்ததில்லை இது. தெரிந்தே செய்த ஏற்பாடு என்பது என் துணிபு.

விஷ்ணு புராணம் உலகங்களை உயரத்தை மட்டும் வைத்துப் பிரிக்கவில்லை, அழிவை வைத்தும் பிரிக்கிறது. நான்முகனின் ஒரு பகல் ஆயிரம் சதுர்யுகம், அதாவது 432 கோடி ஆண்டு. அந்தப் பகல் முடியும்போது கீழ் மூன்று உலகங்களும் எரிந்துபோகின்றன. நான்காவதான மகர்லோகத்துக்குத் தீ எட்டுவதில்லை, அனல் எட்டுகிறது; அங்கிருப்பவர்கள் சூடு பொறுக்காமல் ஜனலோகத்துக்குக் குடிபெயர்கிறார்கள். அழியாமல் ஆள் மட்டும் இல்லாமல் போகும் உலகம் என்று அதற்குத் தனி வகையே வகுத்திருக்கிறார்கள். மேல் மூன்றும் அன்று தப்பித்துக்கொள்கின்றன. ஆனால் நான்முகனுக்கே ஆயுள் 100 ஆண்டு. பகலும் இரவும் சேர்த்து 864 கோடி, ஆண்டுக்கு 360 நாள் என்று பெருக்கினால் நம் கணக்கில் 3,11,04,000 கோடி ஆண்டு வரும். அது முடிகிற மகாபிரளயத்தில் சத்தியலோகமும் ஒடுங்கிவிடுகிறது. தலை சுற்றவைக்கும் எண்தான். எண்ணி முடிக்கக்கூடியது என்பதே இங்கே முக்கியம். கீதையின் எட்டாம் அத்தியாயமும் இதே வழியில் வாதிக்கிறது. பிரம்மலோகம் வரையுள்ள எல்லா உலகங்களிலிருந்தும் திரும்பி வர நேரும் என்கிறது. அடுத்த சுலோகத்திலேயே பிரம்மாவின் பகல், இரவுக் கணக்கைச் சொல்கிறது. காலத்தால் அளக்கப்படுவதுதான் திரும்பி வருவதற்குக் காரணம் என்று சங்கரர் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்.

உபநிடதங்கள் வேறு மாதிரி சொல்கின்றனவே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் வலுவான தடை இதுதான். பிரம்மலோகம் அடைந்தவன் மீள்வதில்லை என்றே சாந்தோக்கியம் முடிகிறது. கௌஷீதகி அந்த வழியையே கண்முன் நிறுத்துகிறது. ஆர என்னும் ஏரியை மனத்தாலேயே கடக்க வேண்டும். அப்பால் மூப்பை அகற்றும் விஜரா ஆறு. மாலையும் ஆடையும் நறுமணப் பொடியும் ஏந்தி 500 அப்சரஸ்கள் எதிர்கொள்கிறார்கள். வாயில் காவலர் யார் தெரியுமா? இந்திரனும் பிரஜாபதியும்! ஆற்றைக் கடக்கும் இடத்தில் நல்வினை, தீவினை இரண்டையும் அவன் உதறிவிடுகிறான். நல்லது அவனுக்கு வேண்டிய உறவினருக்கும், கெட்டது வேண்டாதவருக்கும் போய்ச் சேருமாம். (பங்காளிச் சண்டையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்துவைப்பது நல்லது.) வினையே ஒழிந்தவன் எதற்காகத் திரும்பி வர வேண்டும்?

இதற்கு விடையை பிரம்ம சூத்திரம் நான்காம் அத்தியாயத்திலேயே தேடியிருக்கிறது. அந்த உலகம் ஒடுங்கும்போது, அங்கே ஞானம் பெற்றவர்கள் அதன் தலைவனோடு சேர்ந்தே அதற்கும் மேலானதை அடைகிறார்கள் என்கிறது ஒரு சூத்திரம். சங்கரர் வழியில் இதற்குக் கிரமமுக்தி, படிப்படியான விடுதலை, என்று பெயர். அப்படியானால் மீளாமை உண்மை, உலகம் முடிவதும் உண்மை. அங்கிருப்பவன் கீழே வருவதில்லை. ஆனால் அங்கேயே இருந்துவிடுவதுமில்லை. உபாசனையின் பலமின்றிப் போனவர்களைப் பற்றித்தான் கீதை எச்சரிக்கிறது என்று உரைகாரர்கள் பிரித்துக் காட்டுவதும் இதனால்தான். சென்றவன் மீண்ட கதையும் புராணத்தில் உண்டு. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்க உடலோடு பிரம்மலோகம் போன ரைவத மன்னன் அங்கே நடந்த கந்தர்வப் பாட்டு முடியும்வரை காத்திருந்தான். கீழே பல சதுர்யுகங்கள் ஓடிவிட்டன. திரும்பி வந்து பலராமனுக்குப் பெண்ணைக் கொடுத்தான். அவன் விருந்தாளிதான், குடியிருப்பவன் இல்லை என்பதால் இந்தக் கதையை நான் சான்றாக அழுத்த மாட்டேன். ஆனாலும் அங்கேயும் காலம் ஓடுகிறது, மெதுவாக ஓடுகிறது என்பதற்கு இது போதும்.

இன்னொரு தடை சமயப் பூசல் பற்றியது. வைணவர் வைகுண்டத்தை உயர்த்தவும் சைவர் சிவலோகத்தை உயர்த்தவும் நான்முகனைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. பிள்ளை லோகாசாரியரின் ‘அர்ச்சிராதி’ காட்டும் வழி பிரம்மாவின் உலகத்தையும் பின்னால் விட்டுவிட்டு விரஜை ஆற்றுக்கு அப்பால்தான் முடிகிறது. சைவ சித்தாந்தமோ நான்முகனின் பதவியை மாயைக்குள் அடக்கிவிடுகிறது. ஆனால் எந்தத் தெய்வத்தின் ஊரையும் தூக்கிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத அத்வைதமும் இதே முடிவைத்தான் சொல்கிறது. பிரம்மலோகம் என்று உபநிடதம் சொல்வது எதை என்பதில் சங்கரரும் இராமானுசரும் மோதுகிறார்கள். நான்முகனின் உலகம் இறுதியானது என்று இருவருமே சொல்லவில்லை. வேதத்தை ஏற்காத பௌத்தமும், தன் உலகம் நிலையானது என்று நம்பிய பகன் என்னும் பிரம்மாவைப் புத்தர் திருத்தியதாகப் பாலி நூல்களில் சொல்லிவைத்திருக்கிறது. இத்தனை பேரும் பூசலால் மட்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்றால் நம்ப முடியவில்லை.

வீட்டுச் சடங்கில் புரோகிதர் சொல்லும் சங்கல்பத்திலும் இந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. அதன்படி நான்முகனுக்கு 50 ஆண்டு முடிந்துவிட்டது; இப்போது நடப்பது 51ஆம் ஆண்டின் முதல் பகல்.