கோழிகளின் இராணிக்கெட்டு நோயும் அதைத் தடுக்கும் முறையும்

புத்தளம் கரையோரத்தில் நெல்லும் காய்கறியும் செய்கை பண்ணும் கமக்காரரின் வீட்டு முற்றத்திற் பத்துக் கோழிகளேனும் காணப்படும். வீட்டுக்கு முட்டையும் அவசரச் செலவுக்குப் பணமும் தருவன இவை. இவை அனைத்தையும் சில நாட்களில் அழிக்கவல்லது இராணிக்கெட்டு நோய். 1926 ஆம் ஆண்டிற் சாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகிலும் இது கண்டறியப்பட்டது. நியூகாசில் நோய் எனப்படுவதும் இதுவே.

அறிகுறிகள்

நோயுற்ற கோழி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுவிடும். இருமலும் கரகரப்பும் கேட்கும். பச்சை நிறமான நீர்க்கழிச்சல் உண்டாகும், முட்டையிடுதல் குறையும். பின்னர்க் கழுத்துத் திருகிக்கொள்ளும்; காலும் சிறகும் வழங்காமற் போகும். வைரசினால் வருவதாதலின் இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேறு சில நோய்களும் இவ்வாறே தோன்றுமாதலால், நீங்களே நோயைத் தீர்மானியாது உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

பரவும் வழிகள்

மூச்சு, எச்சம், நீர்ப்பாத்திரம், செருப்பு, முட்டைத் தட்டு ஆகியவற்றால் இந்நோய் பரவும். தோட்டத்துக்கு வாங்கும் கோழி எருவும் அதன் சாக்குகளும் நோயைக் கொண்டுவரலாம் என்பதைக் காய்கறிச் செய்கையாளர் மறத்தலாகாது. எருவைக் கோழிகள் கிளறாத இடத்திற் குவித்து, ஈரமாக்கி மூடி, இடையிடையே புரட்டி, நன்கு மக்கிய பின்னரே பாத்திக்கு இடுக.

நோய் கண்டால் செய்யவேண்டியவை

1. நோயுற்ற கோழிகளை உடனே பிரித்து வைக்குக. நலமானவற்றுக்கு முதலில் தீனியிட்டு, நோயுற்றவற்றைப் பின்னர்க் கவனிக்குக. அதன்பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

2. எஞ்சிய கோழிகளை விரைந்து சந்தையில் விற்றல் தகாது. உமது நட்டம் சிறிது குறையலாம். ஆனால் அந்நோய் அயலூர் முழுவதையும் சென்றடையும்.

3. இறந்த கோழிகளைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ இடவேண்டாம். கற்பிட்டி போன்ற மணற்பாங்கான இடங்களில் நிலத்தடி நீர் ஆழமின்றியே உள்ளது. புதைத்தது குடிநீரைக் கெடுக்கும். தென்னோலையும் பொச்சுமட்டையும் இட்டு முற்றாக எரித்தலே நன்று. இயலாவிடின், கிணற்றுக்குத் தொலைவான மேட்டுநிலத்தில், நீர் ஊறாத குழியிற் சுண்ணாம்பு தூவிப் புதைக்குக.

4. கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, குறைந்தது ஒரு மாதம் வெறுமையாக விடுக.

தடுப்பு மருந்து

இந்நோய்க்கு உற்ற காப்பு தடுப்பு மருந்தே. பேராதனையை அடுத்த கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இதனைத் தயாரிக்கின்றது. குஞ்சு பொரித்த முதற் கிழமையிற் கண்ணில் ஒரு துளியும், நான்காம் கிழமையளவில் மறுமுறையும் இடுவது வழக்கம்; பின்னர் வைத்தியர் குறிக்குங் காலங்களில் இடவேண்டும். மருந்தைப் பனிக்கட்டியுடன் கொண்டுவருக. வெயில் பட்டால் அதன் வலு கெடும். நலமான கோழிகளுக்கே இடுக. நோய் வந்தபின் இடுவதாற் பயன் சிறிதே.

ஒரு வீட்டுக் கோழிகள் மட்டும் மருந்து பெறுவது போதாது. கோழிகள் வேலி கடந்து மேய்வனவாதலின், அயலவர் அனைவரும் ஒரே நாளிற் கூடி மருந்திடுவதே ஊருக்குப் பாதுகாப்பாகும்.