ஊட்டி ரயில் எஞ்சின் உங்கள் மேஜையில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரம் பாட்டு, படம், கேம்ஸ் என்று பொழுதைக் கழிக்கிறார்கள். பிறகு, "வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். நான் இருப்பது ஓசூரில். சிப்காட் பகுதியில் லேத், மில்லிங் மெஷின்களில் வேலை பார்க்கும் நண்பர்களும் இதையே கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில்: நீராவி எஞ்சின் மாடல் செய்யுங்கள்!

நம் பகுதிக்கும் நீராவி ரயிலுக்கும் பழைய உறவு உண்டு. 762 மி.மீ. அகலக் குறுகிய பாதை 1905-ல் கிருஷ்ணகிரிக்கும், 1913-ல் ஓசூருக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவை மூடப்பட்டன. எனவே, இன்றும் நேரில் பார்க்கக்கூடிய நீலகிரி மலை ரயிலின் 'எக்ஸ்' வகை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் தயாரான வகை இது. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையும் புதிய எஞ்சின்களைக் கட்டியிருக்கிறது. இதில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரண சக்கரங்களை ஓட்டும். மற்ற இரண்டு, மலையேற உதவும் பல்சக்கரங்களைச் சுழற்றும்.

எந்த அளவில் செய்வது?

மலை ரயில் பாதையின் அகலம் 1000 மி.மீ. இதை 22.5-ஆல் வகுத்தால் 44.4 மி.மீ. வரும். உலகெங்கும் கிடைக்கும் 45 மி.மீ. மாடல் தண்டவாளத்துக்கு இது கச்சிதம். இடம் குறைவு என்றால் 87-ஆல் வகுக்கலாம், 11.5 மி.மீ. வரும். அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது. புதியவர்களுக்கு 22.5 தான் நல்லது. பாகங்கள் கைக்கு அடங்கும்.

கணக்கைக் கம்ப்யூட்டரே போடட்டும்

1. இலவச லிப்ரேஆபிஸ் கால்க் அல்லது எக்செல்லைத் திறங்கள்.
2. 'ஏ' பத்தியில் பாகத்தின் பெயர், 'பி' பத்தியில் நிஜ அளவு (மி.மீ.) டைப் செய்யுங்கள்.
3. முதல் பாகம் இரண்டாம் வரிசையில் இருந்தால், 'சி' பத்தியின் இரண்டாம் கட்டத்தில் =பி2/22.5 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். ('பி'யை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.)
4. அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். எல்லாப் பாகங்களுக்கும் விடை வந்துவிடும்.

1700 மி.மீ. உயர டிரைவர் 75.6 மி.மீ. பொம்மை ஆகிவிடுவார். ஆனால் 10 மி.மீ. தகடு 0.44 மி.மீ. ஆகிவிடும், இவ்வளவு மெல்லிய தகடு எளிதில் வளையும். இப்படிப்பட்ட இடங்களில் தடிமனை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். எடை இன்னும் வேகமாகக் குறையும்: 22.5-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். 50 டன் எஞ்சின் சுமார் 4.4 கிலோதான்!

படம் வரைந்து பிரின்ட் எடுங்கள்

லிப்ரேகேட் என்ற இலவச சாஃப்ட்வேரில் பாகங்களை வரையலாம். பக்கத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றும் வரையுங்கள். பிரின்ட் எடுக்கும்போது, பேப்பருக்கு ஏற்பப் பெரிதாக்கும் அல்லது சுருக்கும் வசதியை நீக்கிவிட்டு, அளவை 1:1 என்று வையுங்கள். ஸ்கேலால் அந்தக் கோட்டை அளங்கள். சரியாக 100 வந்தால்தான் மற்ற அளவுகளையும் நம்பலாம்.

பிரின்ட்டை அட்டையில் ஒட்டி, வெட்டி, முதலில் அட்டை எஞ்சினாகப் பொருத்திப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அட்டை வீணானால் சில ரூபாய். பித்தளைத் தகடு வீணானால் கையைக் கடிக்கும். அளவுகளைத் திருத்திய பிறகு, அதே படத்தை டி.எக்ஸ்.எஃப். ஃபைலாகச் சேமித்து லேசர் கட்டிங் செய்யும் இடத்தில் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: உள்ளே சிறிய மின் மோட்டார் வைத்து ஓட்டுங்கள். நிஜ நீராவிக் கொதிகலனை அனுபவம் இல்லாமல் வீட்டில் செய்யக் கூடாது. அழுத்தம் தாங்காமல் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த ஞாயிற்றுக்கிழமை கால்க்கைத் திறந்து முதல் பத்துப் பாகங்களை டைப் செய்யுங்கள். லேத்தில் அடுத்தவர் வரைந்த படத்தைப் பார்த்தே வேலை செய்து பழகிய கைகளுக்கு, சொந்தமாக ஒரு படம் வரையும் வாய்ப்பு இது!