வெளிவராத ஆல்பம்: ஓராண்டில் உரிமை திரும்புமா?

பெரியநாயகி மாதா கோயிலால் அறியப்பட்ட ஆவூரிலிருந்து வந்த கடிதமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. இருவர் சேர்ந்து பாடிய மாதா பாடல்களைக் கம்பெனி வெளியிடவில்லை, ஜோடியும் பிரிந்துவிட்டது. ஓராண்டுக் கெடு முடிந்தால் பாட்டு திரும்பி வருமா?

பதிப்புரிமைச் சட்டத்தின் 19(4)ஆம் பிரிவு, எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்கிறது. கலைஞருக்கான பாதுகாப்பாகச் சொல்லப்படும் இந்த வரியிலேயே விலக்கும் இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் கெடு பொருந்தாது. ஒப்பந்தத்தை எழுதுவதோ கம்பெனி. பாதுகாக்கப்பட வேண்டியவரிடமே கையெழுத்து வாங்கி நீக்கிவிட முடியும் என்றால், அதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னும் உறுத்துவது அடுத்தது. கெடுவால் திரும்புவது வரிகளும் மெட்டும்போல எழுதிக் கொடுத்தவை மட்டுமே. ஒலிப்பதிவுக்குச் சட்டப்படி படைப்பாளி, அதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்த தயாரிப்பாளர். அவர் அதை யாரிடமும் எழுதி வாங்கவில்லை. எனவே காலாவதியாக எதுவும் இல்லை. அவருடைய 60 ஆண்டு உரிமை, பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணப்படும். வெளியிடாதவரை எண்ணிக்கையே தொடங்காது. பாடியவரின் 50 ஆண்டு உரிமையோ, பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டே ஓடத் தொடங்கிவிடும். பாடியவருக்குக் காலம் கரைகிறது. பூட்டி வைத்தவருக்குக் கரைவதில்லை.

இப்படி வெளிவராமல் நின்ற பதிவுகள் புதிதல்ல. மில்லி வனில்லி என்ற பாப் ஜோடி, ஆல்பத்தில் ஒலித்தது தங்கள் குரலல்ல என்று தெரியவந்ததும் 1990இல் கிராமி விருதை இழந்தது. பின்னாளில் இருவரும் சொந்தக் குரலில் பாடிய ‘பேக் அண்ட் இன் அட்டாக்’ ஆல்பம், 1998 ஏப்ரலில் ஜோடியில் ஒருவரான ராப் பிலாட்டஸ் இறந்ததோடு நின்றுபோனது. அதற்கும் தயாரிப்பாளர், முன்பு இரவல் குரலை ஏற்பாடு செய்த பிராங்க் ஃபரியன்தான். நம் பக்கம், இளையராஜா 1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழுவோடு பதிவுசெய்த சிம்பொனியும் வெளிவரவில்லை.

இனி, இதையொட்டி எழும் சில கேள்விகள்.

ஸ்டுடியோ செலவும் பொறுப்பும் எங்களுடையது என்றால்? தயாரிப்பாளர் நீங்களே.

ஒப்பந்தத்தில் காலம் குறிக்கவில்லையா? 5 ஆண்டு.

எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையா? இந்தியாவுக்கு மட்டும்.

ஜோடியில் ஒருவர் மட்டும் வெளியிடலாமா? பாட்டைக் கூட்டாக இயற்றியிருந்தால் மற்றவர் சம்மதம் வேண்டும்.

ராயல்டி? 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு தருகிறது. வெளிவராத ஆல்பத்தில் பங்கிட வருமானம் இல்லை.

கெடுவை ஒப்பந்தம் நீக்கியிருந்தால்? 19ஏ பிரிவில் ரத்து கோரலாம். அதற்கென இருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால், நீதிமன்றம்தான் போக வேண்டும்.