நீதிமன்ற மாடத்தில் எரிந்த விளக்கு

வழக்கு விஷயமாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அயோத்தியாப்பட்டணத்துக்காரர்கள், அடுத்த முறை அந்தச் சிவப்புக் கட்டடத்தின் உயரமான மாடத்தை அண்ணாந்து பாருங்கள். 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கம் அதன் உச்சியில்தான் எரிந்தது.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு சென்னைக் கரை மாலுமிகளுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. ஒதுங்க இடமில்லாத திறந்த கடல். கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில் அலைகளைத் தாண்டித்தான் கரையேற வேண்டும். அந்தப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் படகு வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. நம் படகோட்டிகளின் கைத்திறன் அது! வடக்கே பழவேற்காட்டு மணல்திட்டுகளும் கப்பல்களைச் சிக்கவைக்கக் காத்திருந்தன.

அதனால் 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல் முதல் விளக்கு ஏற்றப்பட்டது. எரிபொருள், தேங்காய் எண்ணெய்.

1844-இல் கருங்கல் தூண் ஒன்று அந்தப் பணியை ஏற்றது. சுமார் 125 அடி உயரமுள்ள அந்தத் தூண் உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அவசரத்தில் பலரும் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய தூண் அது.

அதன்பின் மாடம். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பரில், ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் வீசிய குண்டுகள் இந்த வளாகத்திலும் விழுந்தன; மாடத்து விளக்கு தப்பியது. 1977-இல் அந்தப் பணி மெரினாவில் எழுந்த புதிய கோபுரத்துக்கு மாறியது. அங்கே மேலே போக லிஃப்ட் வசதியும் உண்டு.