மகுடம் மறைத்த பேனா

1983ஆம் ஆண்டு, கிராமி விழா முடிந்த இரவு. லாஸ் ஏஞ்சல்ஸின் சேசன்ஸ் உணவகத்தில் விருந்து அமர்க்களப்படுகிறது. கழிப்பறைக்குப் போன பாடகி டோனா சம்மர், அங்கே பணிப்பெண் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அயர்ந்து தூங்குவதைப் பார்க்கிறார். பிழைப்புக்காக இந்தப் பெண் என்ன பாடு படுகிறாள் என்று மனதில் ஓடிய எண்ணமே 'ஷி வொர்க்ஸ் ஹார்ட் ஃபார் தி மணி' என்ற பாட்டானது. அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. அதே பெயரில் வந்த ஆல்பத்தின் பின்னட்டையில் டோனாவோடு அந்தப் பணிப்பெண்ணும் இருக்கிறார்.

டோனாவை உலகம் 'டிஸ்கோ ராணி' என்றே கொண்டாடியது. ஆனால் தன் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை எழுதியதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை அந்தப் பட்டம் மறைத்துவிட்டது.

பாஸ்டனிலிருந்து மியூனிக்குக்கு

1948 டிசம்பர் 31 அன்று பாஸ்டனில் பிறந்த லடோனா கெய்ன்ஸ், சர்ச்சில் பாடி வளர்ந்தவர். 'ஹேர்' என்ற இசை நாடகத்தில் வாய்ப்புக் கிடைத்து 1968இல் ஜெர்மனியின் மியூனிக்குக்குப் போனார். ஜெர்மன் மொழியையும் கற்றுக்கொண்டார். அவர் மணந்த நடிகர் ஹெல்முட் சோமரின் குடும்பப் பெயர்தான் பின்னால் 'சம்மர்' ஆனது. ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலோட் என்ற இரு தயாரிப்பாளர்கள் அறிமுகமானதும் அதே ஊரில்தான்.

1975இல் வந்த 'லவ் டு லவ் யூ பேபி' டோனாவுக்குத் தோன்றிய ஒரு வரியிலிருந்து பிறந்தது. நடன அரங்குகளில் நிறுத்தாமல் ஒலிக்கட்டும் என்று கசாபிளாங்கா இசைத்தட்டு நிறுவனத்தின் நீல் போகார்ட் கேட்க, பாட்டு ஏறக்குறைய 17 நிமிடத்துக்கு நீண்டது. அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடத்தைப் பிடித்தது. அதன் கிளுகிளுப்பே அவருக்கு அடையாளமாகிப்போனது. சர்ச் குடும்பத்துப் பெண்ணுக்கு அது சுமையாகவும் இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து 'ஐ ஃபீல் லவ்'. கடந்த காலத்து இசை பாணிகளைத் தொட்டுச் செல்லும் ஓர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு எதிர்காலத்தைப் போல ஒலிக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். வாத்தியக் குழு இல்லை. மூக் சிந்தசைசர் ஒன்றே பாட்டைச் சுமந்தது. தாளத்தின் அடிநாதமான 'தம்' மட்டும் இயந்திரத்தில் சரியாக வரவில்லை என்பதால், டிரம்மர் கீத் ஃபோர்சி டிரம்ஸில் மிதித்துக் கொடுத்தார். துளி சலனமில்லாமல் ஓடும் அந்த இயந்திரத்தின் மேலே, டோனா குரலை உயர்த்தி, எடையே இல்லாமல் மிதக்கவிட்டார். பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம். பின்னால் வந்த டெக்னோ, ஹவுஸ் இசைக்கெல்லாம் இந்தப் பாட்டுதான் வழிவகுத்தது. அதை எழுதிய மூவரில் டோனாவும் ஒருவர்.

தெருவிலிருந்து வந்த பாட்டு

கசாபிளாங்கா நிறுவனத்தில் வேலை பார்த்த பெண் ஒருவரை, லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் சாலையில் பாலியல் தொழிலாளி என்று நினைத்துப் போலீஸ்காரர் மடக்கினார். அந்தக் கோபத்தில் டோனா எழுதத் தொடங்கியது 'பேட் கேர்ள்ஸ்'. போகார்டுக்கு அதைப் பாடகி ஷெரிடம் கொடுத்துவிட ஆசை. டோனா மறுத்துவிட, பாட்டு சில காலம் கிடப்பில் கிடந்தது. 1979 ஜூலையில் அது பில்போர்ட் முதலிடத்துக்கு வந்து ஐந்து வாரம் நின்றது. அதே ஆண்டின் 'ஹாட் ஸ்டஃப்', ராக் பிரிவில் பெண் குரலுக்கான கிராமியை வாங்கித் தந்தது. தொடர்ந்து மூன்று இரட்டை ஆல்பங்களை முதலிடத்தில் நிறுத்திய முதல் கலைஞரும் அவரே.

'பேட் கேர்ள்ஸ்' உச்சிக்கு ஏறிய அதே வாரம், ஜூலை 12 அன்று, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ரசிகர்கள் களத்தில் புகுந்து ரகளை செய்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. கறுப்பின மக்களும் ஓரினச் சேர்க்கையாளர்களும் வளர்த்த இசையின் மீதான வெறுப்பு அதில் வெளிப்பட்டதாகப் பல விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். டிஸ்கோ அலை வடிந்தது. கசாபிளாங்காவோடு வழக்காடி விலகிய டோனா, 1980இல் 'தி வாண்டரர்' ஆல்பத்தில் ராக் பக்கம் திரும்பினார்.

நுரையீரல் புற்றுநோயால் 2012 மே 17 அன்று, 63 வயதில் அவர் இறந்தார். 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் மறு ஆண்டுதான் வந்தது. தயாரிப்பாளர்களின் கையில் ஆடிய குரல் என்றே அவரை எடைபோடுகிறவர்களுக்கு, 'ஸ்டார்ட்டிங் ஓவர் அகெய்ன்' என்ற பாட்டே பதில். இரண்டாவது கணவர் புரூஸ் சுடானோவின் பெற்றோர் பிரிந்ததை வைத்து இருவரும் சேர்ந்து எழுதியது. அதில் டிஸ்கோ தாளம் இல்லை, மொரோடர் இல்லை, டோனாவின் குரலும் இல்லை. பாடகி டாலி பார்ட்டன் அதைப் பாடினார். 1980இல் அமெரிக்க கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.