ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர்

சித்திரை மதியத்தில் தெள்ளார் கடைத்தெருவில் பைக்கை நிறுத்துகிறவர்கள் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு ஓட்டுச்சில்லையோ தட்டைக் கல்லையோ வைப்பார்கள். வைக்காவிட்டால் இளகிய தாரில் ஸ்டாண்டு புதைந்து வண்டி சாய்ந்துவிடும். அதே சாலை, ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பிடித்தால் குழி குழியாகப் பெயர்கிறது. வெயிலில் இளகிய தார் இரவில் மறுபடி இறுகிவிடும். மழையில் பெயர்ந்த ஜல்லி திரும்ப ஒட்டாது. வந்தவாசிக்கும் திண்டிவனத்துக்கும் போய்வருகிறவர்கள் படும் பாட்டில் பெரும்பங்கு மழையால் வருவதுதான்.

நாம் தார் என்று சொல்வது உண்மையில் தார் அல்ல. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கோக் எடுக்கும்போது வடியும் கறுப்புக் கசடுதான் தார். 1902-ல் எட்கர் ஹூலி என்ற பிரிட்டிஷ்காரர் காப்புரிமை பெற்ற ‘டார்மாக்’ சாலையில் இருந்தது அதுதான். பெட்ரோலியம் பெருகியதும், நிலக்கரித் தாரின் புகை புற்றுநோய் தரும் என்று தெரிந்ததும், அது ஒதுங்கிப்போயிற்று. இன்று நம் சாலையில் இருப்பது பிட்டுமன்: கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்குவது. மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இது கிடைக்கிறது. பாடப்புத்தகம் நிலக்கீல் என்கிறது. ஊர் வழக்கை மாற்ற வேண்டியதில்லை, தார் என்றே சொல்வோம்.

நூறு கிலோ சாலைக் கலவையில் தார் ஐந்து கிலோ அளவுதான். மீதியெல்லாம் ஜல்லியும் கல்தூளும். அந்த ஐந்து கிலோ இரண்டு வேலை செய்ய வேண்டும்: கல்லோடு கல்லைப் பிடித்து வைக்க வேண்டும், தண்ணீரை உள்ளே விடாமல் இருக்க வேண்டும். கோடையில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அதனால் அந்தச் சூட்டில் தார் எவ்வளவு குழைவாக இருக்கிறது என்று பார்த்துத்தான் இப்போது தரம் பிரிக்கிறார்கள். நம் பக்கம் அதிகம் புழங்கும் வி.ஜி.-30 (விஸ்காசிட்டி கிரேடு, அதாவது குழைவுத் தரம்) என்ற பெயர் அப்படி வந்தது. முன்பெல்லாம் 25 டிகிரியில் 100 கிராம் எடையோடு ஓர் ஊசியை 5 விநாடி இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்தார்கள். வெயிலில் தார் என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை. அதனால்தான் 2006-ல் இந்தியத் தர நிர்ணயம் மாறியது.

வெயிலுக்கு ஒரு வழி கிடைத்தது. தண்ணீர்தான் இன்னும் பெரிய தொல்லை. கருங்கல்லில் சிலிக்கா அதிகம், அந்த வகைக் கல்லுக்கு எண்ணெய்ப் பசையைவிட ஈரத்தின் மேல்தான் ஒட்டுதல் அதிகம். தார்ப்பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் போதும், தண்ணீர் அதற்கு அடியில் நுழைந்து கல்லைப் பற்றிக்கொண்டு தாரை உரித்துவிடும். மேலே லாரியின் டயர் ஏறும்போது உள்ளே மாட்டிய தண்ணீர் அழுத்தத்தோடு பக்கவாட்டில் பாய்கிறது. டயர் நகர்ந்ததும் கல்தூளை வாரிக்கொண்டு வெளியே வருகிறது. ஆயிரம் டயர் ஏறி இறங்கினால் அடியில் வெற்றிடம், மேலே குழி. அதிக பாரம் இதை முடுக்கிவிடும். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1958 முதல் 1960 வரை நடந்த சோதனை காட்டியது இது: அச்சின் மேல் பாரம் இரட்டித்தால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்றிப்போகும் ஒரு ஜல்லி லாரி எத்தனை பேரின் சாலையைத் தின்கிறது என்று இதை வைத்துக் கணக்கிடலாம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கைவைத்தது சரியாக, கல்லும் தாரும் ஒட்டும் இந்த இடத்தில்தான். பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்காமல், கல்லின் மேல் பூசினார். சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில் நறுக்கிய கேரி பேக், பால் பாக்கெட் துண்டுகளைத் தூவினால் ஒரு நிமிடத்துக்குள் இளகிக் கல்லைப் போர்த்திவிடும். அதன் பிறகு தார். பிளாஸ்டிக்கும் தாரும் எண்ணெய் வழிச் சொந்தம், அதனால் நன்றாக ஒட்டும், கல்லுக்கு ஈரம் போய்ச் சேராது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்று 2013-ல் இந்திய சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி வெளியிட்டது. பி.வி.சி. மட்டும் கூடவே கூடாது, சூட்டில் நச்சு வாயு விடும். வாசுதேவனுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு எளிய யோசனை நாடு முழுக்கப் போயிருக்கிறது. எனக்கு இதில் பெருமிதம் உண்டு.

ஆனால் எந்தக் கலவையும் போடுகிற விதத்தில் கெட்டுப்போகும். பிளாண்டில் 150 டிகிரிக்கு மேல் கலக்கும் சரக்கு, தார்ப்பாய் போர்த்திய லாரியில் வந்து, 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் ஓடி முடிந்திருக்க வேண்டும். ஆறிய கலவையில் ரோலர் எத்தனை முறை போனாலும் கல் நெருங்காது. உள்ளே ஒன்றோடொன்று தொடர்புள்ள துளைகள் தங்கிவிடும், முதல் மழைக்கே அவை வாய்க்காலாகும். ஈரத் தரையிலோ தூறலிலோ ரோடு போடுவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நின்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதும் தண்ணீர்ப் பிரச்சினைதான். வீட்டு வாசல் பள்ளமாகி, மழைநீர் உள்ளே வரும். சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. தெருவில் வேலை தொடங்கும்போது பழைய மட்டத்தைச் சுவரில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பார்க்கலாம். மழை விட்ட மறுநாள் காலை, சாலை முழுக்கக் காய்ந்தபின் எங்காவது ஒரு திட்டு மட்டும் கறுத்து ஈரமாக நிற்கும். ஓரத்தில் கல்தூள் வெள்ளையாகப் படிந்திருக்கும். குழி இன்னும் விழவில்லை, அடியில் வேலை ஆரம்பித்துவிட்டது. அப்போதே சதுரமாக வெட்டி, காயவைத்து, தார் பூசி நிரப்பினால் ஒரு கூடைச் சரக்கில் முடிந்துவிடும்.