சாண்டி ஹூக்கில் மாண்ட பிள்ளைகள்

தோட்டப் பள்ளியில் முதலாம் வகுப்புக்குத் தினமும் பெயர் கூப்பிடுகிறவன் நான். அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவின் நியூடவுனில் நடந்தது மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளியில் ஒரு வாலிபன் சுட்டதில், ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் மாண்டார்கள்.

கண்ணீர் காயுமுன் கட்சிக் கணக்கு தொடங்கியது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைக் கூடுதலாக விசாரிக்க, 2013 ஏப்ரலில் செனட் சபையில் ஒரு திருத்தம் வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. சபை வழக்கப்படி 60 வேண்டுமாம், தோற்றது.

அதைவிடக் கொடுமை, பெற்றோர்களே, அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற ஒலிபரப்பாளர் செய்தது. துப்பாக்கிகளைப் பறிக்க ஆடிய நாடகம் இது, யாருமே சாகவில்லை என்று பேசினார். அதை நம்பியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களையே மிரட்டினார்கள். 2022இல் 140 கோடி டாலருக்கும் மேல் நஷ்டஈடு தரும்படி அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. அந்த ஆண்டு டெக்சஸ் நீதிமன்றத்தில் ஒரு தாய், தன் மகன் உண்மையிலேயே இருந்தவன் என்று சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.